பூச்சி மாத்திரையும் கண்வலிக்கிழங்கும்

ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். அரசு ஏட்டில் அது குடற்புழு நீக்க மாத்திரை, பிள்ளைகள் பேச்சில் பூச்சி மாத்திரை. 400 மில்லிகிராம் ஆல்பெண்டசோல். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பாதி. தேசியக் குடற்புழு நீக்க நாள் என்ற பெயரில் 2015-ல் தொடங்கிய ஏற்பாடு இது. மாத்திரை முழுக்க ஆலையில் பிறந்தது, எந்தச் செடியோடும் அதற்கு உறவில்லை. ஆனால் புழுவின் உடம்பில் அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறதோ, அதே புரதத்தைப் பிடிக்கிற இன்னொரு பொருள் ஜெயங்கொண்டம் பக்கத்துக் கொல்லைகளில் விளைகிறது. அந்தப் பொருள் கொல்கிசின். அதைத் தருகிற கொடி கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தள்.

ஒன்றைக் குழந்தையின் கையில் நம்பிக் கொடுக்கிறோம். மற்றொன்றின் கிழங்கைத் தெரியாமல் தின்றால் உயிரே போகலாம். தாவரங்களிலிருந்து ஒட்டுண்ணி நோய்களுக்கு மருந்து தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தேட வேண்டியது எது என்பது தெளிவாகும். புழுவைக் கொல்லும் செடிகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. புழுவைக் கொன்று மனிதனை விட்டுவைக்கும் செடிதான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

கண்வலிக்கிழங்கைப் பயிர் செய்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். கலப்பை போல இரண்டாகப் பிரிந்த கிழங்கை ஆடி ஆவணியில் நடுகிறார்கள். கொடி பற்றி ஏற முன்பெல்லாம் முள்கிளுவைப் போத்துகளை ஊன்றினார்கள், இப்போது கம்பிப் பந்தல் பரவிவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் பூக்கிறது. சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்திலிருந்து விலகி நிற்பதால் பூச்சிகளை மட்டும் நம்ப முடியாது. காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்க வேண்டும். இவ்வளவு பாடும் விதைக்காக. விதையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே கொல்கிசின் இருக்கிறது, அந்தச் சிறு பங்குக்குத்தான் விலை. விதை உள்நாட்டு ஆலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. விலை ஓராண்டு ஏறும், மறு ஆண்டு விழும். மாநில மலர் என்ற பட்டம் விவசாயிக்கு அந்த விழுகிற ஆண்டில் எந்த உதவியும் செய்வதில்லை.

கொல்கிசினின் வரலாறு பாரிசில் தொடங்குகிறது. பெல்லெத்தியே, கவாந்து என்ற இரு மருந்தியலாளர்கள் 1820-ல் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தார்கள். அதே ஆண்டு அதே இருவர் கொல்கிகம் என்ற ஐரோப்பியக் கிழங்கிலிருந்தும் ஒரு காரப்பொருளைப் பிரித்தார்கள். 1833-ல் ஜெர்மானியரான கைகர் அதைத் தூய்மைப்படுத்திக் கொல்கிசின் என்று பெயரிட்டார். ஒரே சோதனைச்சாலையில் ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டில் கொய்னா உலகத்தின் மலேரியா மருந்தானது. கொல்கிசின் மூட்டு வலிக்குப் போனது. யூரிக் அமிலம் சேர்ந்து கால் பெருவிரல் வீங்குகிறவர்களுக்கு இன்றும் அதைத்தான் தருகிறார்கள். 2023-ல் அமெரிக்க அரசு மிகச் சிறிய அளவில் இதய நோயாளிகளுக்கும் அனுமதித்தது. ஒட்டுண்ணிக்கு அதை யாரும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு விடை 1967-ல் சிகாகோவில் கிடைக்கத் தொடங்கியது. கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கொல்கிசினைச் செல்களில் விட்டு, அது எதில் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். அப்படி அகப்பட்ட புரதத்துக்கு மறு ஆண்டு ஜப்பானியரான மோரி டியூபுலின் என்று பெயர் வைத்தார். இந்தப் புரதத் துண்டுகள் வரிசையாகச் சேர்ந்துதான் செல்லுக்குள் நுண்குழல்கள் எழுகின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுப்பவை அவை, செல்லுக்குள் சரக்கு போகிற பாதையும் அவை. கொல்கிசின் ஒட்டினால் குழல் வளராது. குடல் உள்தோல், எலும்பு மஜ்ஜை, முடிவேர் என்று ஓயாமல் பிரிகிற செல்கள் முதலில் அடிபடும். கண்வலிக்கிழங்கைத் தின்றவருக்கு முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, பிறகு இரத்த அணுக்கள் குறைந்து, தப்பிப் பிழைத்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டுவது இதனால்தான். இலங்கை மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் நிறைய உண்டு. வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்துத் தின்றவர்களும் அவற்றில் இருக்கிறார்கள்.

இனி மாத்திரைக்கு வருவோம். ஆல்பெண்டசோல், மெபெண்டசோல், ஆடுகளுக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் மூன்றும் ஒரே குடும்பம். 1961-ல் வந்த தையாபெண்டசோல் அதன் மூத்த பிள்ளை. இந்தக் குடும்பமும் டியூபுலினில்தான் ஒட்டுகிறது, அதுவும் கொல்கிசினோடு இடத்துக்குப் போட்டிபோட்டு. ஃப்ரீட்மன், பிளாட்சர் என்ற இருவர் 1980-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. பன்றியின் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் கருவிலிருந்து டியூபுலினை எடுத்தார்கள். மாட்டின் மூளையிலிருந்தும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே மருந்தை விட்டு, பிடிப்பின் வலிமையை அளந்தார்கள். மாட்டுப் புரதத்தைவிடப் புழுப் புரதத்தில் மெபெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் 250 முதல் 400 மடங்கு இறுக்கமாகப் பிடித்தன.

பூச்சி மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்க முடிவதன் முதல் காரணம் அந்த 250 மடங்கு. குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே அது ஏறுகிறது என்பது இரண்டாவது காரணம். புழுவின் குடல் செல்களில் நுண்குழல் உடைந்து, சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினி கிடந்து சாகிறது. பிள்ளை மாலையில் விளையாடப் போகிறது. கொல்கிசினுக்கு இப்படி ஒரு பாரபட்சம் கிடையாது. விலங்குகளின் டியூபுலினை அது தயங்காமல் பிடிக்கும். இன்னும் வேடிக்கை, மலேரியா ஒட்டுண்ணியும் காலா அசார் ஒட்டுண்ணியும் கொல்கிசினுக்கு எளிதில் மசிவதில்லை. அவற்றின் டியூபுலின் வேறு வார்ப்பு. அவற்றைக் கொல்லும் அளவு கொல்கிசின் வேண்டுமென்றால் நோயாளி அதற்கு வெகு முன்னரே போய்விடுவார்.

புழுவுக்கும் மனிதனுக்கும் உள்ள இந்த வேறுபாடு மூலக்கூறு அளவில் எவ்வளவு நுண்ணியது என்பதை ஆடுகள் காட்டிக்கொடுத்தன. ஆட்டின் நான்காம் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற புழு இந்த மாத்திரைக் குடும்பத்துக்கு அடங்காமல் போனது எப்படி என்று 1990-களில் ஆராய்ந்தார்கள். டியூபுலினின் 200-ஆம் இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருந்த புழுக்கள் செத்தன. அங்கே டைரோசின் வந்துவிட்ட புழுக்கள் தப்பின. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. மனிதனின் டியூபுலினில் அதே 200-ஆம் இடத்தில் இருப்பது டைரோசின்தான். மருந்து நம்மை விட்டுவைப்பதற்கான காரணங்களில் ஒன்றைப் புழுவும் கற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்லலாம்.

இந்த அளவுகோலோடு நம் மாவட்டங்களின் மூலிகைகளுக்கு வருகிறேன்.

பெரம்பலூர்க் கரிசலில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளை நாட்டு மருத்துவத்தில் பூச்சிக்குப் பேர்போனது. இலையை அரைத்துக் கொடுப்பார்கள். புழுவைக் கொல்கிறதா என்றால் கொல்லும். ஆனால் அதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களைச் சிதைக்கிறது, மரபணுவில் ஒட்டிக்கொண்டு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குகிறது. பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் உடல் மெலியப் போன பெண்களுக்குக் கொடுத்த சீன மூலிகைக் கலவையில் இதே பேரினத்துச் செடி ஒன்று தவறுதலாகச் சேர்ந்துவிட, அடுத்தடுத்துச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1993-ல் அது வெளியே வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலம் உள்ள செடிகளை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இந்த நஞ்சின் கொடுமை அதன் பொறுமையில் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு அன்றே காட்டிவிடும், யாரும் அதை மருந்தென்று நம்பி ஏமாற மாட்டார்கள். ஆடுதீண்டாப்பாளை மாதங்களும் ஆண்டுகளும் கழித்துக் காட்டும். பாட்டி கொடுத்த இலைக்கும் பேரனின் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பை எந்தக் குடும்ப நினைவும் வைத்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் உடனே கொல்லும் நஞ்சுக்கு மட்டுமே செல்லும்.

முருக்கன் விதை இன்னொன்று. சித்த மருத்துவத்தில் கிருமிக்கு முருக்கன் விதை மாத்திரையே உண்டு. அதன் வேலை செய்யும் பொருளான பலாசோனின், கொப்புளம் எழுப்பும் ஒரு வண்டின் நஞ்சோடு கிட்டத்தட்ட ஒரே அமைப்புடையது. அந்தக் காலத்து வைத்தியர் அளவையும் நாளையும் அவ்வளவு கறாராகச் சொன்னது சும்மா இல்லை.

ஆய்வுக்கூடங்கள் இந்தக் கறாரைக் காப்பாற்றினவா? புழுக்கொல்லி மூலிகைகளைப் பற்றி இந்தியாவில் வெளியாகும் கட்டுரைகளில் பெரும் பகுதி மண்புழுவைக் கொண்டு செய்தவை. இலையை உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றைச் சுண்டவைத்து, மில்லிலிட்டருக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை கரைத்து அதில் மண்புழுவைப் போடுவார்கள். எத்தனை நிமிடத்தில் அசைவு நின்றது, எத்தனை நிமிடத்தில் செத்தது என்று ஓர் அட்டவணை. பக்கத்தில் ஒப்பீட்டுக்கு ஆல்பெண்டசோல் அல்லது பைபரசின். கடைசி வரியில் இந்தச் செடி நல்ல புழுக்கொல்லி என்ற முடிவு. மண்புழு குடற்புழுவின் இனமே அல்ல. அது வளையங்களால் ஆன உடல் கொண்டது, ஈரத் தோலால் மூச்சுவிடுவது, ஒட்டுண்ணியும் அல்ல. தடித்த உறைக்குள் குடலின் செரிமான நீரையே தாங்கி வாழ்கிற கொக்கிப்புழுவுக்கு அதைப் பதிலாளாக வைக்க முடியாது. மண்புழு உப்புத் தண்ணீரிலேயே செத்துப்போகும்.

அளவையும் கணக்குப் பார்க்கலாம். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 50 கிராம். வளர்ந்த மனிதனின் ஐந்து லிட்டர் இரத்தத்தில் அந்த அடர்த்தி வர 250 கிராம் சாறு இரத்தத்துக்குள் ஏற வேண்டும். குடலில் மட்டும் இருக்கும் புழு என்றால் மருந்து இரத்தத்துக்குப் போக வேண்டியதில்லை, அந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் அதே சாறு மனிதக் குடல் செல்லை என்ன செய்கிறது என்று பக்கத்தில் ஒரு சோதனை வேண்டுமல்லவா? 1980-ல் மாட்டு மூளையைப் பக்கத்தில் வைத்தவர்கள் செய்தது அதுதான். பட்டம் முடிக்க வேண்டிய மாணவரைக் குறை சொல்வதில் பயனில்லை. கல்லூரிக்கு அருகில் மண்புழு கிடைக்கிறது, கொக்கிப்புழு கிடைப்பதில்லை. ஆனாலும் அந்த அட்டவணைகள் பத்திரிகைச் செய்தியாகி, பிறகு விளம்பரமாகி, கடைசியில் தம்ளரில் வந்து நிற்கின்றன.

இனிக் குடலுக்கு வெளியே வாழும் புழு. கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணம். யானைக்கால் நோய்க்கு ஒரு காலத்தில் அந்த ஊரின் பெயரையே அடைமொழியாகச் சொன்னார்கள். தேங்கிய சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்புகிற ஃபைலேரியாப் புழு நோய். நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் முதிர்ந்த புழு ஒன்று, அது ஈன்று இரத்தத்தில் விடும் நுண்புழுக்கள் இன்னொன்று. 1947-ல் வந்த டைஎத்தில்கார்பமசைன் நுண்புழுக்களை நன்றாக ஒழிக்கிறது, முதிர்ந்த புழுவிடம் அதன் வேகம் குறைவு. அதனால்தான் ஊருக்கே ஆண்டுக்கு ஒரு முறை என்று பல ஆண்டுகள் கொடுத்து, புழு தானாக முதுமையடையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வழங்கலில் துணை மருந்தாகச் சேர்ந்ததும் நம் ஆல்பெண்டசோலே. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இந்த முயற்சி பலன் தந்து, பொது வழங்கலும் நின்றுவிட்டது. முதிர்ந்த புழுவைக் கொல்லும் பாதுகாப்பான மருந்து மட்டும் இன்னும் காலியிடமாகவே இருக்கிறது.

அந்த இடத்துக்கு இரண்டு உள்ளூர்ச் செடிகள் விண்ணப்பித்திருக்கின்றன. ஒன்று நிலவேம்பு. 2012 டெங்குவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இதை அறியாதவர் இல்லை, குடிநீர் என்ற பெயரில் அதோடு வெட்டிவேர், சந்தனம், சுக்கு, மிளகு, பற்பாடகம் எல்லாம் சேரும். டெங்கு வைரஸ் நோய், அது தனிக்கதை. புழுவைப் பொறுத்தமட்டில், 1982-ல் தத்தா, சுகுல் என்ற இரு ஆய்வாளர்கள் நிலவேம்பு இலைக் கஷாயத்தை நாயின் இரத்தத்தில் வாழும் ஒரு ஃபைலேரியா நுண்புழுவில் சோதித்தார்கள். கண்ணாடிக் குழாயில் 40 நிமிடத்தில் செத்தது. தோலுக்கடியில் மூன்று ஊசி போட்டதில் நாய்களின் இரத்தத்தில் நுண்புழு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கவனிக்க வேண்டியது, ஊசி. குடித்த கஷாயம் அல்ல. கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் எளிதில் கரையாதது, குடலிலிருந்து ஏறுவதும் சொற்பம்.

இரண்டாவது கழற்சி. விரை வீக்கத்துக்குக் கழற்சிக்காய்ப் பருப்பைக் கொடுப்பதும் அரைத்துப் பூசுவதும் நம் பக்கத்தில் பழைய வழக்கம். ஃபைலேரியா ஆண்களிடம் காட்டும் முகங்களில் விரை வீக்கம் முக்கியமானது என்பதால் இந்த வழக்கத்தை அலட்சியப்படுத்த முடியாது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கழற்சி விதைச் சாறு எலியினங்களில் வளர்த்த ஃபைலேரியாப் புழுக்களில் நுண்புழுவைக் குறைத்தது, பெண்புழுக்களை மலடாக்கவும் செய்தது. இது மண்புழு அட்டவணை இல்லை. உண்மையான ஒட்டுண்ணி, உயிருள்ள விலங்கு, வெவ்வேறு புழு இனங்களில் ஒப்பீடு. என் கணக்கில் நம் நாட்டுச் செடிகளில் மேற்கொண்டு பணம் போடத் தகுதியானவற்றில் கழற்சி முன்வரிசையில் நிற்கிறது.

மனிதரில் சோதிப்பது என்றால் எப்படி என்பதற்குச் சென்னைக்கே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1860-களில் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் ஆங்கிலேயர் சின்கோனா நட்டார்கள். பட்டையில் கொய்னா மட்டுமின்றி அதன் உறவான வேறு மூன்று காரப்பொருள்களும் இருந்தன. அவை விலை குறைந்தவை. அவையும் காய்ச்சலைத் தணிக்குமா என்று அறிய 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு நான்கையும் பிரித்துக் கொடுத்துப் பலனை எண்ணினார்கள். மலேரியா ஒட்டுண்ணியை லவெரான் கண்டது 1880-ல்தான். நோயின் காரணமே தெரியாத காலத்திலும், முறைக்காய்ச்சல் நின்றதா இல்லையா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, நான்கும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்த நேர்மைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஆயுஷ்-64. கழற்சியும் ஏழிலைப்பாலையும் சேர்ந்த இந்த மாத்திரையை ஆயுர்வேத ஆராய்ச்சிக் குழுமம் மலேரியாவுக்காக உருவாக்கியது. வைவாக்ஸ் மலேரியா நோயாளிகளில் குளோரோகுயினோடு ஒப்பிட்ட ஆய்வு 2000-ல் வெளியானது. 28-ஆம் நாளில் குளோரோகுயின் எடுத்தவர்கள் எல்லோரும் குணமாகியிருந்தார்கள். ஆயுஷ்-64 எடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர். தோற்ற ஆய்வையும் வெளியிட்டார்களே என்று பாராட்ட வேண்டும். பாதிப்பேருக்கு ஏதோ வேலை செய்திருக்கிறது என்று அதன் உள்ளே தேடிப் போயிருக்கவும் வேண்டும். அந்த மாத்திரை 2021-ல் கொரோனாவுக்குத் திரும்பி வந்தது, மலேரியாக் கேள்வி அப்படியே நின்றுபோனது.

அப்படிப்பட்ட ஒரு தேடலை முடித்துக் காட்டியவர் சீனத்தின் தூ யூயூ. நான்காம் நூற்றாண்டு மருத்துவ ஏடு ஒன்றில் காய்ச்சலுக்கு ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைப் பார்த்து, கொதிக்கவைப்பதை விட்டுவிட்டு ஈதரில் குறைந்த சூட்டில் பிரித்தார். 1971 அக்டோபரில் எலிகளின் மலேரியா முழுதும் மறைந்தது. அடுத்த ஆண்டு முதலில் தானே குடித்துப் பார்த்தார். அந்தச் செடியிலிருந்து கிடைத்த ஆர்டெமிசினின் என்ற மருந்தின் நடுவிலிருக்கும் பெராக்சைடுப் பாலம் இரும்பைத் தொட்டால் வெடிப்பது. மனித இரத்தத்தைத் தின்று இரும்பைக் கொட்டிவைப்பது மலேரியா ஒட்டுண்ணியே, அதனால் வெடிப்பும் அதன் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஒட்டுண்ணிக்கும் மனிதனுக்கும் நடுவே மீண்டும் அதே இடைவெளிதான், இந்த முறை ஒரு செடி தானாகவே கொண்டுவந்தது. 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தே இல்லாமல் ஒழிந்த ஒட்டுண்ணியும் உண்டு. படிக்கட்டுக் கிணற்று நீரில் வந்த நரம்புச் சிலந்திக்கு இலையும் கிடைக்கவில்லை, மாத்திரையும் கிடைக்கவில்லை. துணியில் வடிகட்டிக் குடித்தும் கிணற்றை மாற்றியுமே இந்தியா அதை விரட்டியது. கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் உடனே தொடங்கக்கூடிய ஆய்வு ஆட்டுப் பட்டியில் இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஹீமாங்கஸ் பெருகி, ஆடு வெளுத்து, தாடைக்கடியில் நீர் கோக்கும். ஃபென்பெண்டசோல் பல மந்தைகளில் பழைய வேகத்தில் கேட்பதில்லை. தஞ்சாவூரில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் புண்ணியமூர்த்தி தொகுத்த மரபுவழிக் குடற்புழு உருண்டைகளை விவசாயிகள் ஏற்கெனவே கொடுத்துவருகிறார்கள். தேவைப்படும் கருவிகள் ஒரு நுண்நோக்கி, உப்புக் கரைசல், முட்டை எண்ணும் கண்ணாடித் தட்டு. ஒரே மந்தையில் பத்துப் பத்து ஆடுகளாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மூலிகை, ஒரு கூட்டத்துக்கு மாத்திரை, ஒரு கூட்டத்துக்கு ஒன்றுமில்லை என்று விட்டு, பதினான்காம் நாள் புழுக்கையில் முட்டையை எண்ணலாம். மாத்திரைக் கூட்டத்தில் முட்டை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைவாகக் குறைந்தால் புழு மருந்துக்கு அடங்கவில்லை என்று பொருள். மூலிகைக் கூட்டத்தையும் அதே எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். ஆட்டின் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க மறக்கக் கூடாது, சிறுநீரகம் கெட்டால் அது சொல்லிவிடும். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் பெரம்பலூரிலேயே இருக்கிறது.